மூன்று கண் பாலம்

மரக்காணம்
2-2-2025

பிரியமுள்ள மச்சான் பாலகுருவுக்கு,

மாமா தட்சணாமூர்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சரஸ்வதியும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் ஜெயப்ரியாவும் அப்படியே இருக்க வேண்டும். அவளுடைய இடுப்பு வலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னமோ சொன்னாய், நானும் "சரி சரி" என்றேன். என்ன சொன்னாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. உப்பளத்தில் டீசல் இன்ஜின் பக்கத்திலேயே நின்று தண்ணீர் இறைத்து இறைத்து இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம். உன் அக்கா நடுவில் நின்று கத்துகிறாள். அதில் பாதி அவள் சொந்தச் சரக்கு. நீ "மாமா நல்லா இருக்காரா" என்று கேட்டால் என்னிடம் வந்து, "குளிச்சீங்களான்னு கேக்கறான்" என்கிறாள்.

வாட்ஸ்அப்பில் எழுத்து சின்னதாக இருக்கிறது, என் விரல் பெரிதாக இருக்கிறது. அதனால் கடிதம் எழுது. தபால்காரர் ஐயப்பன் எனக்குத் தெரிந்தவர்தான், அவருக்கும் வேலை வேண்டும்.

நீ பாலம் கட்டுகிற கம்பெனியில் பெரிய இன்ஜினியர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். என்ன மாதிரி பாலம் என்று பக்கத்து அளத்துக் காசிலிங்கம் கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மச்சானைப் பற்றிப் பீற்றிக்கொள்ள எனக்கு விவரம் வேண்டும். ராஜமுந்திரி ஆற்றையும் பாலத்தையும் பற்றி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா,
தட்சணாமூர்த்தி


ராஜமுந்திரி
19-2-2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

பாலகுரு வணங்கி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். ஜெயப்ரியா இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். அக்காவின் கால் வெடிப்பு எப்படி இருக்கிறது? உப்பில் நிற்கும்போது ரப்பர் செருப்புப் போடச் சொல்லுங்கள், கேட்க மாட்டாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசிலேயே சிரித்துவிட்டேன். சரி, பீற்றிக்கொள்ள விவரம் தருகிறேன். கோதாவரி இங்கே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் அகலம். நம் கழுவெளி ஏரி மழைக்கு நிரம்பினால் எதிர்க்கரை மங்கலாகத் தெரியுமே, அப்படித்தான். அதன் மேல் மூன்று ரயில் பாலங்கள். முதல் பாலம் 1900-இல் திறந்தது. ஹேவ்லாக் என்ற கவர்னரின் பெயர். கல் தூண், மேலே இரும்பு உத்தரம், ஐம்பத்தாறு கண். தொண்ணூற்றேழில் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், இன்னும் அசையாமல் நிற்கிறது. இரண்டாவது எழுபத்து நான்கில் வந்தது. முக்கோணம் முக்கோணமாகக் கோத்த இரும்பு. கீழே ரயில், மேலே ரோடு. மூன்றாவது காங்கிரீட் வில். நாண் இருக்க வேண்டிய இடத்தில் தண்டவாளம், அதை வில்லிலிருந்து கம்பிகள் தூக்கிப் பிடிக்கின்றன. அந்தி வெயிலில் இருபத்தெட்டு வில்லும் தண்ணீரில் தெரிவதைப் பார்க்க அக்காவைக் கூட்டி வாருங்கள்.

பாலம் என்றால் மேலே போகிற வண்டிக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு முதல் கணக்கு கீழே போகிற தண்ணீர்தான். எந்த மாதம், எவ்வளவு உயரம் என்று பார்த்து அதற்கு வழி விட்ட பிறகே தூணுக்கு இடம் தேடுவோம். கண்ணைக் குறைத்தால் தண்ணீர் தூணைச் சுற்றிப் பள்ளம் பறித்துவிடும். இந்தத் தண்ணீர்க் கணக்குப் போடுவதுதான் என் வேலை.

இந்தப் பாலங்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுத ஆசை. கடைசி அத்தியாயத்தில் நம்மூர் மூன்று கண் பாலத்தையும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். அதை உங்களைவிடத் தெரிந்தவர் யார்? எழுதுங்கள் மாமா.

அன்பு மறவாத,
பாலகுரு


மரக்காணம்
9-3-2025

பிரியமுள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பாத்தியில் உப்புப் பூத்துவிட்டது, வெயில் நல்ல வெயில். உன் அக்கா ரப்பர் செருப்பு வாங்கினாள், அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள். அளத்துக்கு வெறுங்கால்தான். ஜெயப்ரியாவைக் கேட்டதாகச் சொல்.

காசிலிங்கத்திடம் ஐம்பத்தாறு கண் என்றேன். "அவ்ளோ கண்ண வெச்சிக்கினு இன்னாத்த பாக்குதாம்?" என்றான். பொறாமை.

நம் பாலத்தைப் புத்தகத்தில் போடப் போகிறாய் என்றதும் உன் அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் நேற்று சாயங்காலம் போய் அதை முழம் போட்டே அளந்துவிட்டு வந்தேன். எழுதிக்கொள். கடற்கரை ரோட்டிலிருந்து அளத்துக்குப் பிரிகிற ரோட்டில், கழி வாய்க்கால் மேல் நிற்கிறது. செங்கல், சுண்ணாம்பு, மூன்று வளைவு. கட்டிய வருஷத்தைச் செதுக்கிய கல் உப்புக் காற்றில் பொரிந்து போய்விட்டது. நடுக்கண் மட்டும் ஒரு முழம் அகலம் அதிகம். உப்புப் படகு அதில் நுழைந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து மெட்ராஸ் போகுமாம். படகுக்காரன் கோல் ஊன்றிய தழும்பு வளைவின் உள்பக்கம் இன்னும் இருக்கிறது.

கட்டினவன் கெட்டிக்காரன். வளைவுக்கு அடியில் தரைக்கல்லை நன்றாகத் தாழப் பதித்திருக்கிறான். தையிலும் மாசியிலும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும்போது, தண்ணீர் மூன்று கண்ணிலும் நுழைந்து அளத்து வாய்க்காலை நிரப்பும். எண்பது குடும்பத்தின் பாத்திக்கும் அந்தத் தண்ணீர்தான். தரைக்கல் ஒரு முழம் உயர்ந்திருந்தால் இங்கே உப்பும் இல்லை, உனக்கு இப்படி ஒரு மாமாவும் இல்லை.

நிரம்பிய பிறகு நாங்கள் என்ன செய்வோம் என்பது உனக்கே தெரியும். அது தாளில் வைக்கிற விஷயமில்லை. உன் அப்பா ஒரு தரம் மனுவில் அதையும் சேர்த்து எழுதிவிட்டு, அளத்தின் அரசாங்கக் குத்தகை போகாமல் தப்பிக்க ஆறு மாதம் விழுப்புரத்துக்கு நடந்தார். அன்றிலிருந்து அளத்துக்காரன் எவனும் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நீயும் புத்தகத்தில் போட்டுவிடாதே.

வேறு விசேஷமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மாமா,
தட்சணாமூர்த்தி


ராஜமுந்திரி
20-3-2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அற்புதமாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுத வேண்டாம் என்றதை நான் எங்கேயும் எழுத மாட்டேன், அப்பா மேல் சத்தியம்.

ஒரே ஒரு விவரம் மட்டும் வேண்டும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடாமல் காய்ந்திருக்கும்? உங்கள் முழுப்பெயர், எத்தனை வருஷமாக அளத்தில் இருக்கிறீர்கள், தேதி, கையெழுத்து எல்லாம் தெளிவாக இருக்கட்டும். பதிப்பகத்தில் ஆதாரம் கேட்கிறார்கள். கதை எதுவும் கலக்காமல் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். கொஞ்சம் அவசரம்.

அன்புள்ள,
பாலகுரு


மரக்காணம்
30-3-2025

பிரியமுள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பு எப்படி? எழுத்தைப் பார்த்தால் தூக்கம் இல்லாதவன் எழுத்து மாதிரி இருக்கிறது. வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் அக்கா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், பாண்டிச்சேரியில் இருந்து யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

தனித்தாளில் எழுதினால் அது மனு. நான் என் மச்சானுக்கு மனு எழுத மாட்டேன். இதிலேயே எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

தட்சணாமூர்த்தி ஆகிய நான் முப்பத்திரண்டு வருஷமாக இந்த அளத்தில் வேலை செய்கிறேன். மாசி கடைசியிலிருந்து புரட்டாசி முடிய மூன்று கண் பாலத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாது. ஆடு கட்டலாம். பாய் விரித்துப் படுக்கலாம், நானே படுத்திருக்கிறேன்.

போதுமா? இதைப் படித்துவிட்டு உன் பதிப்பகத்தார் என்னைச் சோம்பேறி என்று நினைக்கப் போகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் படுப்பேன் என்று சொல்லிவிடு. ஜெயப்ரியாவுக்கு எங்கள் ஆசி.

உன் மாமா,
தட்சணாமூர்த்தி


மரக்காணம்
22-5-2025

பிரியமுள்ள மச்சானுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. உன் அக்கா போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்கா" என்கிறாயாம். ஜெயப்ரியாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? மறைக்காமல் எழுது.

இங்கே ஒரு சந்தோஷ சமாச்சாரம். நம் அளத்து ரோட்டை அகலமாக்கப் போகிறார்களாம். மூன்று கண் பாலத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாலமாம். முக்காலி வைத்து அளக்கிறவர்கள் நாலு பேர் வந்து, கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். உன் அக்கா அவர்களுக்கு மோர் கொடுத்தாள். "எங்க சாரு கூட இந்த ஊருதான்" என்று ஒருவன் சொன்ன மாதிரி எனக்குக் கேட்டது. என் காதைத்தான் உனக்குத் தெரியுமே, வேறு ஏதாவது சொல்லியிருப்பான்.

பழைய பாலம் போவதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் உப்பு லாரி ஏறினால் இப்போது அது முனகுகிறது. புதுசு வரட்டும். நான் காசிலிங்கத்திடம், "எங்க மச்சான்கிட்ட கேட்டா எத்தினி கண்ணு வெக்கணும்னு கணக்கு போட்டுக் குடுத்துடுவான்" என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கம்பெனி எது என்று விசாரித்து, தரைக்கல்லைத் தாழப் பதிக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிவை. உன் துறைக்காரர்கள்தானே.

பதிலை எதிர்பார்க்கும்,
மாமா


ராஜமுந்திரி
14-6-2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் சுகம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

எனக்குக் குழுத் தலைவராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. அக்காவிடம் சொல்லுங்கள். கோதாவரியில் ஜூலைக்கு மேல் புதுத் தண்ணீர் வரும், அப்போது இங்கே தூண்களில் நீர்மட்டம் குறிப்பதைப் பார்க்க வேண்டும்.

நம்மூர் ரோடு பற்றி எனக்கு எதுவும் தெரியாது. விசாரித்துப் பார்க்கிறேன். புத்தகம் வெளிவரும் வரை நம் கடிதங்களைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்.

பாலகுரு


மரக்காணம்
24-8-2025

பாலகுரு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. காரணம் உனக்குத் தெரியும். இல்லை, நான் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்கு மாரடைத்துவிடும்.

முந்தாநாள் கல்யாண மண்டபத்தில் புதுப் பாலத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். எண்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் படம் காட்டினார்கள். பாலமே இல்லை. மண்ணைக் கொட்டி உயர்த்திய ரோடு, அதற்கு அடியில் முழங்கால் உயரத்தில் இரண்டு சிமென்ட் பைப். அவ்வளவுதான். காசிலிங்கம் எழுந்து, "பைப்ப அந்த ஒசரத்துல வெச்சா கடத் தண்ணி எப்பிடிங்க உள்ள வரும்? நாங்க சாவறதா?" என்று கேட்டது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதிகாரி கம்பெனி கொடுத்த அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து எதையோ படித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியதை மட்டும் பார்த்தேன்.

ஐயப்பன்தான் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்து என் மடியில் வைத்தார். ஆறாவது இணைப்பு என்று போட்டு, என் கையெழுத்து. ஆடு கட்டலாம், பாய் விரித்துப் படுக்கலாம். உன் உடம்பு எப்படி என்று நான் கேட்டிருந்த வரிகள் மேல் வெள்ளைத் தாளை வைத்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாய். உன் அக்காவின் கருவாடு, ஜெயப்ரியாவுக்குச் சொன்ன ஆசி எதுவும் இல்லை. மச்சான் என்ற வார்த்தை இல்லை. அதற்கு முந்தின கடிதம், கடல் ஏறும்போது மூன்று கண்ணிலும் தண்ணீர் வரும் என்று முழம் போட்டு அளந்து எழுதினேனே, அது எங்கே? அட்டையைத் திருப்பினேன். தயாரித்தவர்: அ. பாலகுரு.

உனக்குத் தெரியாதா? இனி மறைக்க என்ன இருக்கிறது, எழுதியே விடுகிறேன். பாலத்துக்கு அடியில் ஏன் தண்ணீர் ஓடாது? நாங்கள் அடைப்பதால் ஓடாது. உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் உள்பக்கம் ஒரு மண் அணை. கடல் ஏற்றம் வந்து அதை உடைக்காமல் வெளிப்பக்கம் இன்னொன்று. மாசியில் அடைப்போம், ஐப்பசி மழைக்கு முன் வெட்டி விடுவோம். உன் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. வளைவுக்கு அடியில் பெரியவர்கள் நிமிர முடியாது என்று, உன்னையும் உன் அக்காவையும் உள்ளே விட்டுத்தான் உன் அப்பா அந்தக் களிமண்ணை மிதிக்க வைத்தார். அந்தக் காலைக் கழுவிக்கொண்டு காலேஜுக்குப் போனவன், "இயற்கையாக நீரோட்டம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய்.

இப்போது நாங்கள் உண்மையைச் சொன்னால், அரசாங்கப் பாலத்தை அடைத்தீர்களா என்று குத்தகை போகும். சொல்லாவிட்டால் தண்ணீர் போகும். எங்களுக்கு இரண்டு பக்கமும் மண் போட்டுவிட்டாய்.

"மச்சானுக்கு அளத்த எழுதிக் குடுத்துட்டு முன்வரிசையில வந்து குந்திக்கினு இருக்கான் பாரு" என்றானாம் காசிலிங்கம். உன் அக்கா அதைக் கத்திச் சொல்லவில்லை. நான் வற்புறுத்திக் கேட்டதால் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.

தட்சணாமூர்த்தி


ராஜமுந்திரி
8-10-2025

என்றும் என் மதிப்புக்குரிய, தந்தைக்குச் சமமான மாமாவுக்கும் என் அன்பு அக்காவுக்கும்,

பாலகுரு பணிவோடு வணங்கி எழுதுவது. உங்கள் காது, அக்காவின் கால், இரண்டையும் நினைக்காத நாள் இல்லை. கடவுள் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தர வேண்டும்.

நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். பாலம் கட்டுகிற செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று எனக்கு உத்தரவு. நான் செய்யாவிட்டால் வேறு ஒருவன் செய்திருப்பான். அவன் ரோட்டையே அளத்தின் நடுவில் போட்டிருப்பான், அதை நான்தான் தடுத்தேன். அடைப்பைப் பற்றி நான் எழுதியிருந்தால் உங்கள் எல்லோர் குத்தகையும் அன்றே போயிருக்கும். எழுத வேண்டாம் என்று நீங்களும் சொன்னீர்கள், நானும் அப்பா மேல் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றியிருக்கிறேன். புத்தகமும் பொய்யில்லை. எழுத நினைத்தது உண்மை.

இப்போது ஒரு சிக்கல். ஊர்க்காரர்கள் ஆட்சேபித்ததால் நவம்பர் மூன்றாம் தேதி மறுவிசாரணைக்குப் பெரிய அதிகாரி வருகிறார். அந்தக் கடிதம் எப்படிக் கிடைத்தது என்று கம்பெனியில் கேட்கிறார்கள். சொந்தக்காரரிடம் வாங்கினேன் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும், இந்தத் துறையிலேயே என்னை யாரும் சேர்க்க மாட்டார்கள். ஜெயப்ரியா மூன்று மாதமாக உண்டாகியிருக்கிறாள். அக்காவிடம் நேரில் சொல்லலாம் என்று இருந்தேன்.

இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். "இதை விசாரணைக்காக என் விருப்பப்படி எழுதிக் கொடுத்தேன். பொறியாளருக்கும் எனக்கும் உறவு எதுவும் இல்லை." கையெழுத்து, தேதி. இந்தத் தடவை தயவுசெய்து தனித்தாளில்.

உங்கள் காலில் விழும்,
பாலகுரு


மரக்காணம்
24-10-2025

பாலகுருவுக்கு,

ஜெயப்ரியாவை மாடிப்படி ஏறவிடாதே. புளிப்புக் கேட்டால் கொடு. நாங்கள் இருக்கிறோம்.

போன வாரம் அடைப்பை வெட்டினார்கள். மழை வருகிறது என்று அவசரமாக எல்லோரும் மண்வெட்டியோடு போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெட்டிய தண்ணீர் பாலத்துக்கு அடியில் திரும்பும்போது ஒரு சத்தம் வரும், அது மட்டும் எனக்கு இந்தக் காதிலும் கேட்கும். இந்த வருஷம் அதுவும் இல்லை.

உன் கடிதத்தை உன் அக்காவுக்குக் காட்டாமல் பத்துத் தடவை படித்தேன். உன்னை அறையலாம் என்று தோன்றியது, பிறகு அழலாம் என்று தோன்றியது. பிறகு உன் அக்காவைப் பார்த்தேன். அப்பா அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு நீ ஒருவன்தான். நீ நடுத்தெருவில் நின்றால் அவள் தாங்க மாட்டாள். அளம் போனால் நான் கூலிக்குப் போவேன், எனக்கு ஒன்றும் புதிதில்லை. மற்ற எழுபத்தொன்பது வீட்டுக்கும் என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்தால் எழுத வரவில்லை, அதனால் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

நீ கேட்ட இரண்டு வரி தனித்தாளில் இருக்கிறது. முதல் வரி பொய். இரண்டாவது வரி, நீ செய்ததைப் பார்த்தால், உண்மைதான்.

முழங்கால் வலியால் தபாலாபீஸ் வரைக்கும் நடக்க முடியவில்லை. உறையை ஒட்டி உன் அக்காவிடம் கொடுக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லவில்லை.

தட்சணாமூர்த்தி


மரக்காணம்
5-11-2025

பாலு,

அக்கா எழுதுகிறேன். ஜெயப்ரியா உண்டாகியிருப்பதை உன் மாமாவின் கடிதத்தைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும். அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

மாமாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். தனித்தாள் இல்லை. அதை அடுப்பில் போட்டுவிட்டேன். நான் தாங்க மாட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டீர்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் தேதி விசாரணைக்கு நானும் மாமாவோடு போனேன். பாலத்துக்கு அடியில் ஏன் தண்ணீர் ஓடாது என்று அதிகாரி கேட்டது அவருக்குக் காதில் விழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "தண்ணி ஓடாம அடைக்கிறது நாங்கதாங்க. எங்க அப்பா அடைச்சாரு, நாங்க அடைக்கிறோம். அடைக்கலன்னா உப்பு இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். காசிலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டான். இவள் நம்மை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். அப்புறம் பின்னாலிருந்து மேரிசெல்வி, "நானும் மண்ணு சொமந்தேங்க, எம்பேரையும் எழுதிக்குங்க" என்று எழுந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். காசிலிங்கம் கடைசியில் எழுந்தான்.

எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குத்தகையைப் பற்றி நோட்டீஸ் வரும் என்றார்கள், வரட்டும். பைப் வேலையை நிறுத்திவைத்து, தை மாதக் கடல் ஏற்றத்தில் திரும்ப அளக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

நான் உட்காரப் போகும்போது அதிகாரி கூப்பிட்டார். "இந்தப் பொறியாளர் உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் வேலை போகாது என்று எனக்குத் தெரியும். "கூடப் பொறந்த தம்பிங்க" என்றேன். "அடைக்கிறது அவருக்குத் தெரியுமா?" என்றார். "தெரியுங்க. நானும் அவனும் கையப் புடிச்சிக்கினுதாங்க மிதிப்போம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

உன் மாமாவுக்கு வேண்டுமானால் கடிதம் போடு. அவர் உன்னை மன்னித்துவிடுவார். இப்போதே பாதி மன்னித்துவிட்டார். எனக்குப் போடாதே. அவர் வேறு வீட்டில் பிறந்தவர், அவரால் முடியும். நான் உன்னோடு பிறந்தவள், என்னால் முடியாது.

சரஸ்வதி